இரண்டாவது சோதனை வரைக்கும்

முதல் சோதனை காலை ஒன்பது ஐம்பதுக்கு முடிந்துவிட்டது, இரண்டாவது சோதனை மூன்று ஐம்பதுக்கு, நடுவில் ஆறு மணி நேரம் விட்டாக வேண்டும், அதுதான் சட்டம் என்று ஆஸ்பத்திரிப் பெண் தாட்சாயணி சொன்னாள். இரண்டாவதிலும் மூளையில் அசைவில்லை என்றால் அந்த நேரத்தைத்தான் இறந்த நேரமாக எழுதுவார்களாம். அப்படியானால் இந்த ஆறு மணி நேரம் அவன் என்னவாக இருக்கிறான் என்று கேட்க நாகமணிக்கு வாய் வந்தது. வந்த கேள்வி தொண்டையிலேயே திரும்பி, அப்படியானால் இந்த ஆறு மணி நேரம் நான் என்னவாக இருக்கிறேன் என்று மாறி, உள்ளே போய்விட்டது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. குளிர் முதுகு வழியாக ஏறியது. காலை ஏழு மணிக்கு, திருப்பூர் அனுப்பர்பாளையத்து வாடகை அறையில் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. “குழந்தைவேலுவோட மனைவி நாகமணிங்களா?” அந்த இரண்டு பெயரையும் யாரும் சேர்த்துச் சொல்லிக் கேட்டுப் பதினொரு வருஷமாகியிருந்தது. ஆமாம் என்று சொல்வதற்கு முன் டப்பாவின் மூடியை ஒரு தடவை அழுத்தி மூடினாள். அந்த டப்பா இப்போது மடியில் இருக்கிறது. பனியன் கம்பெனிக்குப் போக வேண்டிய சோறு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. செக்கிங் மேசையில் தன் இடம் காலியாக இருக்கும், பீஸ்கள் குவிந்துகொண்டே போகும், அவற்றில் இருக்கிற ஓட்டைகள் யாரும் பார்க்காமலே ஏதோ தேசத்துக்குப் போகும் என்று நினைத்தாள். அதை நினைப்பது எளிதாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை நினைப்பதுதான் முடியவில்லை.

இரண்டு நாற்காலி தள்ளி ரெஜினா உட்கார்ந்திருந்தாள். குழந்தைவேலுவோடு இருக்கிறவள் என்று பேர் மட்டும்தான் இத்தனை வருஷமாகத் தெரியும். அந்தப் பேருக்கு நாகமணி ஒரு முகம் செய்து வைத்திருந்தாள். நல்ல வெளுப்பு, பெரிய கண், எப்போதும் சிரிக்கிற வாய். இங்கே இருந்தவள் கறுத்து, ஒடிசலாக, பல் லேசாக முன்னே வந்து, மூன்று நாளாகத் தலை வாராமல் இருந்தாள். இவளுக்காகவா என்று தோன்றிய அதே நொடியில், என்னைப் பார்த்து இவளும் அதையே நினைத்திருப்பாள் என்றும் தோன்றியது. திங்கட்கிழமை சாயங்காலம் அவினாசிக்கு இந்தப் பக்கம் நாய் குறுக்கே வந்து குழந்தைவேலு வண்டியோடு தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறான். ரெஜினாதான் ஆம்புலன்சில் கூட வந்திருக்கிறாள். தலை ஆபரேஷனுக்கு மனைவி என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அப்போது யாரும் கல்யாணப் பத்திரம் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் யார் கேட்பார்கள். நேற்றுச் சாயங்காலம் தாட்சாயணி உறுப்பு தானத்தைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தபோதுதான் ரெஜினா, “நான் மனைவி இல்லீங்க மேடம். கல்யாணம் பண்ணுனவங்க திருப்பூர்ல இருக்கறாங்க” என்று தானாகவே சொல்லி, அவன் போனிலிருந்து நம்பரையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதுதான் நாகமணிக்குப் பிடிபடவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமே. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடம்பை வாங்கிக்கொண்டு போயிருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. கொடுக்கிறோம் என்று சொல்லத்தான் உறவு வேண்டியிருந்திருக்கிறது. அப்பா, அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளை இல்லை. சட்டம் அவனுடைய வாழ்க்கையை முழுக்கத் துழாவிக் கடைசியில் இவளிடம் வந்து நின்றிருக்கிறது. பதினொரு வருஷமாக அவன் என்ன சாப்பிடுகிறான் என்றுகூடத் தெரியாத இவளிடம்.

தாட்சாயணி சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. குடும்பங்களோடு பேசுவதுதான் அவள் வேலையாம். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் பேசினாள். “நீங்க சரின்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரிங்கம்மா. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம். இரண்டாவது சோதனை முடியற வரைக்கும் எதுவும் சொல்லவும் வேண்டாம்.” நாகமணி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு எதாச்சும் எழுதி வெச்சிருந்தாருங்களா?” “இல்லீங்கம்மா. தான அட்டை எதுவும் இல்ல. அப்படியே இருந்தாலும் வீட்டுக்காரங்களைக் கேக்காம நாங்க எடுக்க மாட்டோம்.” “எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்களா?” “சில தேசத்துல வேற மாதிரிங்கம்மா. எனக்கு வேண்டாம்னு உயிரோட இருக்கறப்பவே எழுதிக் குடுக்காதவங்க எல்லாருமே குடுக்கச் சம்மதிச்சவங்கன்னு எடுத்துக்குவாங்க. அங்கயும் நிறைய எடத்துல வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேப்பாங்க. ஆனா ஆரம்பமே சரிங்கறதுல இருந்து. நம்ம ஊர்ல யாராச்சும் வாயத் தொறந்து சரின்னு சொல்ற வரைக்கும் இல்லைன்னுதான் அர்த்தம்.” பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “இந்த வருஷம் இதே ரூம்ல பதினொரு குடும்பத்துக்கிட்டப் பேசிட்டேன். மூணு பேரு சரின்னாங்க. மத்தவங்க மேல தப்பில்ல. அந்த நேரத்துல யாருக்கு யோசிக்க முடியும்” என்றாள். மற்ற எட்டுக் குடும்பமும் இந்த டம்ளரில்தான் தண்ணீர் குடித்திருக்கும். அவள் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டாள். சும்மா இருப்பவன் சரி சொன்னவனாகிற தேசம் ஒன்று இருக்கிறது, சும்மா இருப்பவன் இல்லை சொன்னவனாகிற தேசம் ஒன்று இருக்கிறது, சும்மா இருப்பவன் வெறுமனே சும்மா இருக்கிறான் என்று விட்டுவிடுகிற இடம் எங்குமே இல்லை போலிருக்கிறது. அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவள் சமையற்கட்டில் பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். வெளியே பெரியப்பா, பொண்ணுக்கு முழுச் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கிவிடக் கூடாதே என்பதைத் தவிர அந்த நேரம் அவள் மனசில் எதுவும் இல்லை.

பதினொன்றரைக்கு உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். செருப்பைக் கழற்றி, பச்சை அங்கியை மாட்டி, கையில் ஏதோ தண்ணியாய் ஊற்றித் தேய்க்கச் சொன்னார்கள். ஏழாவது கட்டில். முதலில் தவறான கட்டிலுக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தாள். மீசை இல்லை. தலை மழித்துத் துணி சுற்றியிருந்தது, முகம் ஊதிக் குழந்தை முகம்போல வழவழவென்று இருந்தது, வாயில் குழாய், கண் இமைகளின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள். எங்கேயாவது ஒரு இடத்தில் இது அவன்தான் என்று சொல்ல ஒரு அடையாளம் வேண்டுமே என்று மேலிருந்து கீழாகத் தேடினாள். பீஸைப் புரட்டுகிற மாதிரி, கழுத்து, தோள், கை, ஓரம். ஓட்டை கண்ட இடத்தில் ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கருக்கு இங்கே ஒரு இடம் கிடைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை, அதுதான் கோளாறாக இருந்தது. உயிரோடிருப்பவன் ஒரு மூச்சை நீளமாக விடுவான், ஒன்றைப் பாதியில் விழுங்குவான், பெருமூச்சு விடுவான். இந்த நெஞ்சு ஒரே அளவில் ஏறி, ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில் இறங்கியது. மெஷின் ஸ்ஸ் என்றது, டக் என்றது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு கிழவருக்கும் அதே ஸ்ஸ், அதே டக், ஆனால் கொஞ்சம் பிந்தி. இரண்டு மெஷின்களும் ஒன்றையொன்று துரத்தி, ஒரு கணம் ஒன்றாகச் சேர்ந்து, மறுபடி விலகின. தன் மூச்சும் அதனுடன் போய்க்கொண்டிருப்பதை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். வேண்டுமென்றே இருமி அதைக் கலைத்தாள். கையைத் தொட்டாள். சுட்டது. வேர்த்திருந்தது. செத்தவனுக்கு வேர்க்குமா என்று நர்ஸிடம் கேட்கத் திரும்பினால் நர்ஸ் அந்தக் கிழவரிடம் குனிந்திருந்தாள். சரி, யாருமில்லாதபோது ஒன்று சொல்லிவிடுவோம் என்று காதுப்பக்கம் குனிந்து, “நான் மணி வந்திருக்கறேன்” என்றாள். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. அப்போதுதான் அந்தக் கை எழுந்தது. இடது கை. தூக்கத்தில் உதறுகிற மாதிரி இல்லை. மெதுவாக, முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்க, விரல்கள் லேசாகச் சுருண்டு, நெஞ்சுவரைக்கும் வந்தது. நெஞ்சின்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ பிடித்து வைப்பதுபோல ஓசையில்லாமல் விரிப்பின்மேல் இறங்கியது. மெஷின் எப்போதும்போல் ஸ்ஸ் என்றது, டக் என்றது. நர்ஸ் திரும்பவில்லை.

வெளியே வந்து அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கழிப்பறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். சொன்னால் டாக்டர் ஒரு காரணம் சொல்வார், அதை நம்ப வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் உயிரோடு ஒரு ஆளை அறுக்கக் கொடுத்தவளாகிவிடலாம். எது வேண்டும்? கை நெஞ்சுக்குப் போனது என்றால் என்ன அர்த்தம்? நான் இருக்கிறேன் என்றா, வேண்டாம் என்றா, எடுத்துக்கொள் என்றா? அல்லது அவளை அடையாளம் தெரிந்து, அட நீயா என்றா? நான்கு வருஷம் கூட இருந்தபோதே அவன் கை என்ன சொல்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டதில்லை. சாப்பிடும்போது தட்டின்மேல் கையைக் கவிழ்த்தால் போதும் என்றா இன்னும் கொஞ்சம் என்றா என்பதிலேயே சண்டை வந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பிளாஸ்டிக் கவரில் விவாகரத்துக் காகிதம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். ரெண்டு பேருக்கும் சம்மதம்னு போட்டாப் போதும் மணி, ஆறு மாசத்துல முடிஞ்சிரும் என்றான். அவள் வாங்கிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். போடமாட்டேன் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. போடுகிறேன் என்றும் சொன்னதில்லை. அடுத்த மாசம் கேட்டான், பொங்கலுக்கு ஒரு தடவை கேட்டான், பிறகு கேட்கவே இல்லை. காகிதம் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்து மஞ்சளாகிப் போயிற்று. ஒரு நாள் ராங்கியில் போடவில்லை, ஒரு நாள் மறதியில் போடவில்லை, அப்புறம் அதைத் தொடவே பயமாக இருந்தது. அன்றைக்குப் போட்டிருந்தால் இன்றைக்கு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். யாருக்குமே கையெழுத்துப் போடுகிற உரிமை இருந்திருக்காது. கதவுக்கு உள்ளே இருப்பவனை அப்படியே துணியில் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

திரும்பி வந்தபோது வராண்டாவில் வெயில் சன்னல் வழியாகச் சதுரமாக விழுந்திருந்தது. அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்தாள், ஏன் என்று தெரியாது. எங்கோ நாலைந்து வீடுகளில் உறுப்புக்காகக் காத்திருக்கிற நாலைந்து பேர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று சொல்ல மாட்டார்களாம், அதுவும் சட்டம். முகமில்லாத அந்த ஆட்கள் இந்த வராண்டாவிலேயே சுவரோரமாக நிற்கிறமாதிரி இருந்தது. கேட்கவில்லை, கெஞ்சவில்லை, அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தருக்கு வயிறு உப்பியிருக்கும், ஒருத்தருக்கு மாடிப்படி ஏற முடியாது. நல்ல மனுஷர்கள்தான், யாருடைய சாவையும் வேண்டாதவர்கள்தான். ஆனால் போன் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள். அவர்களுக்காக இளக வேண்டிய மனசு இளகாமல், என்னை எதுக்கு இப்படிப் பார்க்கறீங்க என்று கோபப்பட்டது. அந்தக் கோபத்திலேயே ஒரு ருசி இருந்ததும் அவளுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முடியாது என்றால் முடியாது. டாக்டர், சட்டம், ரெஜினா, அந்த முகமில்லாதவர்கள், எல்லோரும் திரும்பிப் போக வேண்டியதுதான். அவள் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முடியாது. இனித்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இனிப்பு குமட்டியது.

கடைசியில் கையைப் பற்றி அவள் சொல்லத்தான் சொன்னாள். இரண்டு மணிக்குத் தாட்சாயணி தேநீர் கொண்டுவந்தபோது, “அவரு கையைத் தூக்குனாருங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாட்சாயணி முகம் மாறாமல் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். நரைத்த தாடி வைத்த அந்த டாக்டர் நின்றுகொண்டு பேசாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “பயந்திருப்பீங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது எங்க தப்பு. அது மூளையில இருந்து வர்றதில்லீங்க. முதுகுத்தண்டு மட்டும் தனியா செய்யற வேலை. அதுக்கு நெனப்பும் இல்ல, வலியும் இல்ல.” “என் பேரைச் சொன்னதுக்கப்புறம்தானுங்க தூக்குனாரு.” “நீங்க குனிஞ்சப்ப தலையணை அசைஞ்சிருக்கும். கழுத்து கொஞ்சம் அசைஞ்சாலே வரும்.” தலையணை. அவள் பேரால் இல்லை, தலையணையால். இதைவிட அவன் வேண்டாம் என்று கை காட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று ஒரு நொடி தோன்றியது. “நீங்க விரும்பினா இரண்டாவது சோதனையைக் கூட நின்னு பாக்கலாம். பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாத ரெஜினா, டாக்டரின் முதுகு மறைந்ததும், தரையைப் பார்த்தபடி, “நேத்து எனக்கும் தூக்குனாருங்க்கா” என்றாள். “எப்ப?” “சாயங்காலம். கால் தொடச்சு உட்டுட்டிருந்தேன்.” “யார்கிட்டயும் சொல்லலியா நீ?” “இல்லீங்க்கா.” “ஏன்?” ரெஜினா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “சொன்னா இன்னும் உசுரு இருக்குதுன்னு நானே நம்பிருவேன். அப்புறம் யாருக்கும் எதுவும் குடுக்க மனசு வராது. உங்களையும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.” நாகமணி அவளை நேராகத் திரும்பிப் பார்த்தாள். அவனோடு ஒன்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள், கை எழுந்ததைப் பார்த்துவிட்டு, அதை வாய்க்குள் போட்டு விழுங்கிக்கொண்டு, ராத்திரி முழுக்க இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள். “அவரு உன்கிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்கறாரா? இந்த மாதிரி குடுக்கணும்னு?” “இல்லீங்க்கா. பொய் சொல்ல மாட்டேன். அதைப் பத்தி ஒரு நாளும் பேசுனதில்ல.” “பின்ன எதை வெச்சு நீ?” “அவரு எதையும் தூக்கிப் போட மாட்டாருங்க” என்றாள் ரெஜினா. “பியூஸ் போன பல்பு, அறுந்த மெஷின் பெல்ட்டு, ஒடஞ்ச பிளக்கு. யாருக்காச்சும் ஆகும்னு வெச்சிருப்பாரு. வீட்டுல கால் வெக்க எடமில்ல.” நாகமணிக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் அவளும் இருந்த காங்கயம் ரோட்டு வீட்டில் பரண் நிறைய அதேதான் இருந்தது. பழைய செருப்பின் வாரை மட்டும் தனியாக அறுத்து வைத்திருப்பான். ஒரு கோபத்தில் எல்லாவற்றையும் அவள் அள்ளிக் காயலான் கடைக்காரனுக்குப் போட்டதும், அவன் இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்ததும், அந்த வீட்டின் சுண்ணாம்பு வாசனையோடு அப்படியே வந்தன. அந்தக் குழந்தைவேலு கட்டிலில் இல்லை. இதோ, இந்த இரண்டு நாற்காலி இடைவெளியில்தான் எங்கேயோ இருந்தான். அவள் எழுந்து ரெஜினா பக்கமாக ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். தக்காளிச் சோறு. இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றார்கள்.

மூன்று ஐம்பதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அருகில் இருவரையும் நிற்கவைத்தார்கள். ஒட்டுத்தாளை எடுத்துக் கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள். பஞ்சு நுனியால் கண்மணியைத் தொட்டார்கள். நாகமணிக்குத்தான் கண் கரித்தது. காதில் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். அவள் தோளைக் குறுக்கினாள். அவன் சும்மா கிடந்தான். பிறகு டாக்டர் மெஷினின் குழாயைக் கழற்றினார், மெல்லிசாக ஒரு குழாய் மட்டும் உள்ளே போயிற்று. இத்தனை நேரம் ஏறி இறங்கிய நெஞ்சு அப்படியே நின்றது. ஸ்ஸ் இல்லை, டக் இல்லை. தானாக மூச்சு எடுக்கிறானா என்று பத்து நிமிஷம் பார்ப்பார்கள். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நிமிஷத்தில் அவள் அந்த நெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் எடு, எடு, ஒரே ஒரு மூச்சு எடு என்று உள்ளே யாரோ கத்தினார்கள், அது தன் குரலா என்று சந்தேகமாக இருந்தது. நாலாவது நிமிஷத்தில் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. எடுத்துவிட்டால் இவன் இப்படியே கிடப்பான், வருஷக்கணக்கில், யார் வீட்டில்? ஐந்தாவது நிமிஷத்தில் சட்டையில்லாத அந்த நெஞ்சின் தோல் ஒரு இடத்தில் சிலிர்த்ததுபோல் தெரிந்தது, டாக்டரைப் பார்த்தாள், அவர் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழில், தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. விட்டாள். விட்ட சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது, எல்லோரும் திரும்பி முதலில் அவனைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ரெஜினா நாகமணியின் மணிக்கட்டை எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை, நகம் பதிந்திருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். குழாயை மறுபடி மாட்டினார்கள். ஸ்ஸ் என்றது, டக் என்றது, நெஞ்சு ஏறியது. நாலு டாக்டர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்: நாலு பதினாறு. நாகமணி தன்னை அறியாமல் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். அது நாலு பதினைந்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது.

பக்கத்து அறையில் தாட்சாயணி படிவத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “உங்க முடிவு என்னங்கம்மா?” “அவளையும் உள்ள வரச் சொல்லுங்க.” “சட்டப்படி நீங்கதான்...” “கையெழுத்து நான் போடறேன் கண்ணு. அவளும் இங்க உக்காரட்டும்.” ரெஜினா வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தாட்சாயணி ஒவ்வொன்றாகப் படித்தாள். இருதயம். நாகமணி ரெஜினாவைப் பார்த்தாள், ரெஜினா தலையாட்டினாள், நாகமணி சரிங்க என்றாள். கல்லீரல். தலையாட்டினாள். சிறுநீரகம் இரண்டும். தலையாட்டினாள். நுரையீரல். தலையாட்டினாள். கண்கள். ரெஜினா அசையவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை மட்டும் பைக்குள் இருந்தது. நாகமணி காத்திருந்தாள். ஒன்பது வருஷம் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு காலையில் எழுந்தவள் அல்லவா, அதை எப்படிக் கொடுப்பாள் என்று ஒரு இரக்கம், இந்த நாள் முழுக்க வராத இரக்கம், பொங்கி வந்தது. “அது வேண்டாங்க” என்று நாகமணியே சொன்னாள். தாட்சாயணி ஏன் என்று கேட்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, நாகமணியிடம் கையெழுத்து வாங்கி, சாட்சி யாராவது போட வேண்டும் என்று ரெஜினாவிடம் நகர்த்தினாள்.

உறுப்புகளை எடுக்கிற டீம் வந்துசேர நேரமாகும், அதுவரை வெளியே இருங்கள் என்றார்கள். நாற்காலிகளில் இப்போது இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தார்கள். ரெஜினா பைக்குள்ளிருந்து கறுப்புக் கூடு ஒன்றை எடுத்தாள். “அவரு கண்ணாடிங்க்கா. ஆம்புலன்ஸ்ல நான்தான் எடுத்து வெச்சேன். ரெண்டு வருஷமா இதில்லாம பேப்பர் படிக்க மாட்டாரு. உள்ள அவங்க கண்ணுன்னு படிச்சப்ப, ஐயோ கண்ணாடி பத்திரமா இருக்குதான்னு பைக்குள்ள தொழாவிட்டிருந்தேன்.” பிறகு தயங்கி, “ஏனுங்க்கா கண்ணை வேண்டாம்னுட்டீங்க? உங்களுக்கு மனசு வரலீங்களா?” என்றாள். நாகமணிக்கு வராண்டா ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. “நீ தலையாட்டல. உனக்கு வேண்டாம்னு நெனச்சேன்.” “நான் வேண்டாம்னு சொல்லவே இல்லீங்களே.” சொல்லவில்லைதான். சொல்லாததை இவள் கேட்டுவிட்டாள். எவ்வளவு உறுதியாக, எவ்வளவு பிரியத்தோடு கேட்டாள்!

நாகமணி எழுந்து தாட்சாயணியைத் தேடிப் போனாள். மாற்றலாம், தாராளமாக மாற்றலாம், திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் தாட்சாயணி. “அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டு வரட்டுங்களா?” நர்ஸ் ஒட்டுத்தாளை எடுத்து, இமையை விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கண். வெள்ளை கொஞ்சம் சிவந்திருந்தது, கறுப்பு அகலமாகத் திறந்திருந்தது, மேலே எரிந்த விளக்குக்கு அது சுருங்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்காமலும் இல்லை. அதன் நடுவில் பச்சை அங்கி போட்ட ஒரு பெண் சின்னதாக நின்றிருந்தாள். நாகமணி ஒதுங்கினாள், அவளும் ஒதுங்கினாள். “போதுங்க” என்றாள்.

படிவத்தைத் தாட்சாயணி வராண்டாவுக்கே கொண்டுவந்தாள். எங்கே போடுவது என்று விரலால் காட்டிய இடத்தில் எழுத்துகள் எறும்பு வரிசையாகக் கலங்கின. ஒரு வருஷமாகவே செக்கிங் மேசையில் அவள் ஓட்டையைக் கண்ணால் தேடவில்லை, விரலால்தான் தடவித் தேடினாள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொன்னதில்லை. ரெஜினா கூட்டைத் திறந்து கண்ணாடியை நீட்டினாள். நாகமணி அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள். காதுக்குக் கொஞ்சம் அகலம். ஆனால் காகிதத்திலிருந்த எழுத்துகள் எழுந்து நின்றன. கொஞ்ச நேரத்துக்கு முன் படிக்காமலே கையெழுத்துப் போட்ட வரியை இப்போது படித்தாள். இறந்தவர் தம் வாழ்நாளில் இதற்கு மறுப்புத் தெரிவித்ததாக நான் அறியேன். மறுபடி படித்தாள். அறியேன். அவன் என்ன தின்றான், எப்போது கண் மங்கிற்று, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், எதையும் அறியேன். இந்தக் காகிதத்தில் இருந்ததிலேயே பொய்யில்லாத வார்த்தை அது ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் சட்டம் ஊரில் எல்லோரையும் விட்டு அவளைக் கூப்பிட்டிருந்தது. திருத்தத்தின் பக்கத்தில் தன் பேரை நிதானமாக எழுதினாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுத் தலையைத் தூக்கியபோது, கிட்டத்தில் இருந்தவை எல்லாம் துல்லியமாகவும் தூரத்தில் இருந்தவை எல்லாம் கலங்கலாகவும் தெரிந்தன. வராண்டாவின் அந்தக் கோடியில் கதவு ஒரு வெள்ளைப் புகையாக நின்றது. அது திறந்து, அதற்குள் யாரோ அசைந்து, இந்தப் பக்கம் வருவதுபோல இருந்தது. நர்ஸாக இருக்கலாம். அவள் கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.